மரமணிக்குள் இரண்டு நாக்கு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையில், பெரிய வெள்ளிக்கிழமைச் சத்தம் கேட்டால் எந்தக் கத்தோலிக்க வீட்டில் சோறு இறங்கும்? எங்கள் வீட்டில் இறங்கவில்லை. என் அண்ணன் சிரில் பிசைந்த சோற்றோடு கையை அப்படியே நிறுத்திவிட்டான். அண்ணி மௌரீன் அவசர அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டாள். மாதமோ ஆகஸ்ட். பரிசுத்த வாரம் முடிந்து எவ்வளவோ நாளாகியிருந்தது.

சத்தம் போட்டது என் புருஷன் ஆம்ப்ரோஸ். கறிக்குழம்புச் சட்டியைத் தள்ளிவிட்டு, தான் செய்த சின்ன ராட்டினத்தை மேசை நடுவில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். டக-டக்கு, டக-டக்கு, டக-டக்கு. நூலில் கட்டிய ஈயக்குண்டு மேலே ஏறியது. கைப்பிடியை விட்டார். குண்டு விழாமல் அந்தரத்தில் நின்றது.

“பாரு மச்சான்! கைய விட்டுட்டேன். விழுதா? விழாது!” என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

முதலில் இந்தச் சாமானைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவுக்கெல்லாம் ஒரே கிணறு. கைப்பிடி போட்ட ராட்டினம். வாளி பாதி தூரம் ஏறும்போது கை வழுக்கினால் போச்சு. வாளி கீழே பாயும், கைப்பிடி பின்பக்கமாகச் சுழன்று பக்கத்தில் நிற்பவரை அறையும். எதிர்வீட்டு டோரதிக்கு முன்பல் இரண்டும் போனது அப்படித்தான். ராட்டினம் பின்னால் சுழலாமல் இருக்க ஒரு பல்சக்கரமும் அதன்மேல் விழுகிற நாக்கும் வைப்பது எல்லாருக்கும் தெரிந்த வேலை. ஆனால் ஒற்றை நாக்கு ஒரு பல்லைத் தவறவிட்டால் அடுத்த பல்லில் மடாரென்று விழுந்து உடைந்துபோகும். கண்டோன்மெண்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த என் புருஷன், டோரதி பொக்கை வாயோடு பேசுவதைக் கேட்டுக் கேட்டு, ஒரு நாக்குக்குப் பதிலாகப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வைத்தார். ஒன்று நீளம், ஒன்று குட்டை. நீளமானது தவறவிட்டால் பாதிப் பல் தூரத்திலேயே குட்டை பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் குழப்பம், அதில் நானே இன்னும் முழுசாகக் கரையேறவில்லை.

இதற்குப் பேடண்ட் கேட்டு அவர் கல்கத்தாவில் இருக்கிற பேடண்ட் ஆபீசுக்கு எழுதிப் போட்டிருந்தார். அந்த வாரம்தான் பதில் வந்தது. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டோம், ஆட்சேபம் உள்ளவர்கள் சில மாதங்களுக்குள் சொல்லலாம், யாரும் சொல்லாவிட்டால் பேடண்ட் உமக்கு என்று. அதைக் கொண்டாடத்தான் அண்ணனையும் அண்ணியையும் சாப்பிடக் கூப்பிட்டது. கறி எடுத்ததே அதற்காகத்தான்.

“மச்சான், இது எங்கப்பாவோட மரமணிச் சத்தம்,” என்றான் சிரில்.

மரமணி என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய வியாழன் பூசையிலிருந்து அல்லேலூயா சனிக்கிழமைவரை கோயிலில் வெண்கல மணி அடிக்கக்கூடாது. மணிகளெல்லாம் ரோமாபுரிக்குப் போயிருக்கின்றன என்று பிரெஞ்சுக்காரச் சாமியார்கள் பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். அந்த நாட்களில் மணிக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கைப்பிடியைச் சுற்றுவார்கள். உள்ளே ஒரு மரப் பல்சக்கரம், அதன்மேல் உரசுகிற மரப்பட்டை. மற்ற கோயில்களில் அது கர்ர்ர் என்று ஒரே இழுப்பாகக் கத்தும். எங்கள் கோயில் மரமணி மட்டும் டக-டக்கு, டக-டக்கு என்று ஜோடி ஜோடியாகச் சொல்லும். அதைச் செய்தது எங்கள் அப்பா, தச்சர் சவரிமுத்து. ஒரு ஆணிகூட இல்லாமல் மரமுளை அடித்தே மூடிய பெட்டி. சத்தம் வெளியே வர விலாப்பக்கம் ஒரு நீளச் சந்து மட்டும். அப்பா போய்ப் பதினோரு வருஷம். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் அந்தச் சத்தம் கேட்டதும் நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவேன். ஆண்டவர் பாடுகளுக்காக அழுகிறேன் என்று பக்கத்தில் நிற்பவர்கள் நினைப்பார்கள். நான் அழுதது அப்பாவுக்காக.

“சத்தம் ஒத்துப்போனா சாமானும் ஒண்ணா?” என்றார் ஆம்ப்ரோஸ். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ரெண்டு சத்தம் வரணும்னா ரெண்டு நாக்கு இருக்கணும். எங்கப்பா வெச்ச ரெண்டு நாக்கை நீ எடுத்துக்கினு உன் பேர்ல எழுதிக்கினியே, இதுக்குப் பேரு இன்னா?”

“அண்ணே, சோத்த தின்னுட்டுப் பேசு,” என்றேன்.

“திருட்டுச் சோறு எனக்கு வேணாம்,” என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான்.

எனக்கு வந்த கோபத்தில் கரண்டி கையிலிருந்து பறக்காதது அதிசயம். என் புருஷனா திருடன்? அந்த மனுஷர் வாழ்நாளில் திருடியது ஒன்றே ஒன்று, என் ஸ்கேல். அப்பா கடைசிக் காய்ச்சலில் படுத்திருந்த சமயம், அவரைப் பார்க்க வந்த ஆம்ப்ரோஸ் அடுக்களை வாசலில் நின்று, “ஸ்கேல் இருக்கா? ஒண்ணு அளக்கணும்” என்றார். நான் கான்வென்ட் பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த புதிது. என் பேரைக் காம்பஸ் முனையால் கீறி வைத்திருந்த மரஸ்கேலை எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வரவில்லை. அந்த வருஷமே பெண் கேட்டு வந்தார். எனக்குப் புரியாதா? ஞாபகத்துக்காக வைத்துக்கொண்டார் மனுஷர். “என் ஸ்கேல் எங்க?” என்று கேட்டு நான் அவரைச் சீண்டாத வருஷம் கிடையாது. ஒரு சிரிப்பு சிரிப்பார், பதில் வராது. பெட்டியடியில் எங்கேயோ துணி சுற்றி வைத்திருக்கிறார் என்று நான் என் சிநேகிதிகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

சிரில் சும்மா இருக்கவில்லை. மனு எழுதுகிறவரைப் பிடித்துக் கல்கத்தாவுக்கு ஆட்சேபம் அனுப்பிவிட்டான். இந்தச் சாமான் புதிதல்ல, காலஞ்சென்ற என் தகப்பனார் செய்து எங்கள் கோயிலில் வருஷா வருஷம் ஊர் கேட்க ஒலிக்கிறது, விண்ணப்பதாரர் என் தகப்பனாரின் மருமகன், அங்கிருந்துதான் எடுத்தார் என்று. கோயிலில் எங்களைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. பூசை முடிந்து வெளியே வந்தால் ஆண்கள் ஆம்ப்ரோஸிடம் கிணற்றைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அவர் ராட்டினத்தைத் துணி போட்டு மூடி மச்சில் ஏற்றிவிட்டார்.

“பேடண்ட் போனா போகட்டும் நோரா. மாமனார் வீட்டுல திருடினவன்னு பேர் வந்தா நான் எங்க போய் நிப்பேன்?” என்றார். அழாத குறை.

எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? இரண்டு நாக்கும் அப்பா வைத்தது என்றால் என் புருஷன் திருடன். இல்லையென்றால் என் அண்ணன் செத்துப்போன அப்பாவின் பேரில் பொய் சொன்னவன். செபமாலையைக் கையில் எடுத்தால் எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் பாதியில் வைத்துவிடுவேன்.

எங்களுக்கு வக்கீல் தேசிகன். மல்லேஸ்வரத்துக்காரர், தாத்தா காலத்திலிருந்து சமஸ்தான உத்தியோகத்தில் இருந்த குடும்பம். அவர்தான் பேடண்ட் காகிதமெல்லாம் தயார் செய்தவர். அவர் ஆபீசில் உட்கார்ந்து, பேடண்ட் நிற்குமா நிற்காதா என்று நான் நேராகவே கேட்டேன்.

“இதோ பாருங்கோம்மா. சக்கரம் புதுசில்லை, நாக்கு புதுசில்லை. ரெண்டு நாக்கு, ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டை, அதைத்தான் உங்காத்துக்காரர் புதுசுன்னு க்ளெய்ம் பண்றார். அது இதுக்கு முன்னாடியே எங்கேயாவது ஊரறிய புழக்கத்துல இருந்திருந்தா பேடண்ட் கிடையாது. யார் பண்ணியிருந்தாலும் சரி.”

“சத்தம்தானுங்க ஊருக்குத் தெரியும். பெட்டிக்குள்ள யாரும் பாத்ததில்லையே?” என்றேன்.

தேசிகன் மேசையைத் தட்டினார். “அதானே! ஊரறியன்னா காதறிஞ்சா போறுமா, கண்ணும் அறியணுமா? தவிர, உங்காத்துக்காரர் வெச்சது நிறுத்தறதுக்கு. மரமணியில இருக்கறது சத்தத்துக்கு. காரியம் வேறன்னா சாமானும் வேறயா? இல்லை, சாமான் ஒண்ணுன்னா காரியம் எதுவானாலும் ஒண்ணா? ரங்கா, அந்த ரெண்டாவது புஸ்தகத்தை எடு,” என்றார். குமாஸ்தா ரங்கா மூன்று புத்தகம் எடுத்துக் கொடுத்தான். மூன்றும் மூன்று விதமாகச் சொல்லின.

பிறகு சாட்சி வாக்குமூலம் எடுக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! கோயிலைச் சுற்றியிருக்கிற பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து மரமணிச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார்கள். சிலர் “ஆதியிலேர்ந்தே டக-டக்குதான்” என்றார்கள். சிலர் “முன்னெல்லாம் கர்ர்ர், அப்புறம்தான் டக-டக்கு” என்றார்கள். ஒருத்தர் தவளை மாதிரி ஏதோ கத்தினார், அது எந்தக் கட்சி என்று இன்றுவரை தெரியவில்லை. ரங்கா டைப் மெஷினில் கையை வைத்துக்கொண்டு, “சார், இதை இங்கிலீஷ்ல எப்படி அடிக்கறது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

வெளியாள் சாட்சி வேண்டுமென்று கோயிலுக்கு எதிர்வீட்டு ஜகதாம்பாளையும் கூப்பிட்டார்கள். அந்த அம்மாள், “எனக்கு உங்க பண்டிகையெல்லாம் தெரியாதுப்பா. வருஷத்துக்கு ரெண்டு மூணு நாள் அந்தச் சத்தம் கேட்டா எங்க மாடு பால் கொடுக்காது. எல்லா வருஷமும் கொடுக்கலை. ஆய்த்தா?” என்று கிளம்பிவிட்டாள்.

உபதேசியார் ஓஸ்வால்ட்தான் இத்தனை வருஷமாக மரமணியைச் சுற்றுகிறவர். தேசிகன் அவரிடம், “அதைப் பின்பக்கமா சுத்தினா நிக்குமா, சுத்துமா? இதுதான் முக்கியம், யோசிச்சுச் சொல்லுங்கோ,” என்றார்.

ஓஸ்வால்ட் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பெரிய வெள்ளிக்கிழம அதுவுமா யாருங்க பின்பக்கமா சுத்துவாங்க?”

அதுதான் எங்கள் ஜனங்கள். வருஷத்தில் அந்த மூன்று நாள் தவிர அதைத் தொடமாட்டார்கள், தொட்டாலும் முன்பக்கமாக மட்டும் சுற்றுவார்கள். மற்ற நாளில் அது பீடச்சாமான் அறையில் பூட்டிக் கிடக்கும். அதற்குள் என்ன இருக்கிறது, எப்படி ஓடுகிறது என்று யாரும் சோதித்துப் பார்த்ததே இல்லை. ஆனால் சத்தியம் பண்ண மட்டும் தெருவே தயார்.

ஆம்ப்ரோஸும் தன் பங்குக்குச் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார். ‘அந்தப் பெட்டியை நான் ஒருபோதும் திறந்ததில்லை. அதன் உள்ளே பார்த்ததும் இல்லை.’ நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு எழுத்துகூட அடிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கடைசியில் தேசிகன் கையை விரித்துவிட்டார். “இத்தனை பேரும் சேர்ந்து என்னை ஒரு வழி பண்ணிட்டா. பெட்டியைத் திறந்து பார்த்துடலாம்,” என்றார்.

பங்குச் சாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. மந்திரித்துக் கோயிலுக்கென்று வைத்த பொருள், கோர்ட்டுச் சண்டைக்கு எடுப்பதா என்றார். சிரிலும் கெஞ்சினான், ஆம்ப்ரோஸும் கெஞ்சினார். வேறு எதிலும் ஒன்றுசேராத இரண்டு பேரும் இதில் மட்டும் ஒன்றாகக் கெஞ்சியதைப் பார்த்து அவர் மனம் இரங்கினார். ஒரே நிபந்தனை, சத்தம் வரக்கூடாது. நவம்பர் மாதத்தில் மரமணி கேட்டால் ஊர் பயந்துவிடும் என்றார்.

பீடச்சாமான் அறையில் கூடினோம். சாமியார், ஓஸ்வால்ட், தேசிகன், சிரில், ஆம்ப்ரோஸ், நான். மேசைமேல் வெள்ளைத்துணி விரித்துப் பெட்டியை வைத்தார்கள். சிரிலும் தச்சன்தான், அப்பாவின் பட்டறையை அவன்தான் நடத்துகிறான். அப்பா அடித்த முளைகளை அவன் ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தான். எடுத்த ஒவ்வொன்றையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஆம்ப்ரோஸ் என் கையைப் பிடிக்க வந்தார், பிறகு என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

மூடியைத் தூக்கியதும் சிரில்தான் முதலில் பார்த்தான்.

“ரெண்டு!” என்று கத்தினான். “ரெண்டு நாக்கு! பாத்துக்குங்க சாமி, எல்லாரும் பாத்துக்குங்க! ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டை!”

இருந்தது. பல்சக்கரத்தின்மேல் கறுத்த மரத்தில் நீள நாக்கு ஒன்று. அதை ஒட்டி, கொஞ்சம் வெளுத்த மரத்தில் குட்டையாக இன்னொன்று. ஆம்ப்ரோஸின் ராட்டினத்தில் இருந்த அதே மாதிரி, அதே பாதிப் பல் வித்தியாசம். தேசிகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, “போச்சு,” என்றார்.

ஆம்ப்ரோஸ் சுவரில் சாய்ந்துகொண்டார். “நான் பாத்ததில்ல, சிரில். சத்தியமா நான் உள்ள பாத்ததே இல்ல,” என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்குச் சகிக்கவில்லை. அவரைப் பார்க்கவும் முடியாமல், அண்ணனைப் பார்க்கவும் முடியாமல் நான் பெட்டிக்குள் பார்த்தேன்.

குட்டை நாக்கின்மேல் கோடு கோடாக ஏதோ இருந்தது. தலையைச் சாய்த்தேன். ஏழு. எட்டு. ஒன்பது. ஒன்பதுக்குப் பக்கத்தில் காம்பஸ் முனையால் கீறிய எழுத்து.

“இது என் ஸ்கேல்,” என்றேன்.

சிரில் குனிந்து பார்த்தான். என் கையெழுத்து அவனுக்குத் தெரியாதா? சின்ன வயசில் அதே காம்பஸால் அவன் கட்டிலிலும் என் பேரைக் கீறி அடி வாங்கியிருக்கிறேன்.

ஆம்ப்ரோஸ் சுவரைவிட்டு மெதுவாக வந்தார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“அய்யோ, அந்தப் பெரிய வியாழன்!” என்றார். “உங்கப்பா படுத்திருந்தாரே. கட்டில் பக்கத்துல இந்தப் பெட்டி இருந்துச்சு. ‘நாக்குல விரிசல் விட்டிருக்கு, சாயந்திரம் பூசையில அதிரும், திறக்க நேரமில்ல, சந்து வழியா எதையாவது விட்டு முட்டுக் கொடுப்பா’ன்னார். அந்தச் சந்து எவ்ளோ அகலம்னு அளக்கத்தான் நோராகிட்ட ஸ்கேல் வாங்கினேன். அளந்தா, ஸ்கேலே சரியா உள்ள போச்சு. உடைச்சு ஒரு துண்டை உள்ள தள்ளி இறுக்கிட்டு ஓஸ்வால்ட் அண்ணன் கையில கொடுத்துட்டேன். மூணு நாளைக்குத்தானேன்னு...”

ஓஸ்வால்ட் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். “ஆமாங்க. அந்த வருஷம் இவர் கையிலதான் வாங்கினேன்.”

“அப்ப அதுக்கு முன்னாடி சத்தம்?” என்று சாமியார் கேட்டார்.

சிரில் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தான். இரண்டு விரலை விட்டு என் ஸ்கேல் துண்டை உருவினான். யாரும் தடுப்பதற்குள் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினான்.

கர்ர்ர்.

அப்பா பட்டறையில் அதைச் செய்துமுடித்த அன்று சிரிலும் நானும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்த சத்தம். அப்பாவின் சத்தம் இதுதான், எங்களுக்கே அது மறந்துபோயிருந்தது. பதினோரு வருஷமாக நான் அழுதது என் ஸ்கேலுக்கும் என் புருஷன் கைவேலைக்கும். சிரில் பெட்டியின்மேல் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கும் அடக்க முடியவில்லை. சாமியார், “சத்தம் வேணாம்னேனே,” என்று சொல்ல வாயெடுத்தவர், போய் ஜன்னலைச் சாத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து சிரில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியைப் பின்பக்கமாகத் திருப்பிப் பார்த்தான். நின்றது. ஸ்கேல் துண்டைச் செருகிப் பார்த்தான். பாதிப் பல்லிலேயே நின்றது. ஆம்ப்ரோஸின் ராட்டினம் நிற்கிற மாதிரியே அச்சு அசலாக நின்றது.

“ஆட்சேபத்தை வாபஸ் வாங்கிக்கிறேன்,” என்றான். “எங்கப்பாது இல்ல. எழுதி அனுப்பிடுறேன்.”

எல்லாம் தீர்ந்தது என்று நான் நினைத்தேன். தேசிகன் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அவர் விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

“தீரலைம்மா. அவர் பண்ணினதாவே இருந்தாலும், விண்ணப்பத்துக்கு முன்னாடி ஊருக்கு நடுவுல புழங்கியாச்சு. தானே பண்ணி, தானே வெளியே விட்டா, அதுவும் முன்னாடியே இருந்ததுதான். ஆனா அவர் அதைக் கண்டுபிடிச்சதா தெரிஞ்சு பண்ணலை, முட்டுதான் கொடுத்தார். ஆனா முட்டு நாக்காத்தான் வேலை செஞ்சிருக்கு. ஆனா யாரும் பார்க்கலை. ஆனா எல்லாரும் கேட்டிருக்கா. ஆனா...” என்றவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “ஆம்ப்ரோஸ், மச்சினன் வாபஸ் வாங்கிட்டார்னா கேட்கறதுக்கு ஆளில்லை. நான் சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.”

“கேக்க ஆளில்லன்னா வாயை மூடிக்கினு வீட்டுக்கு வாங்க,” என்றேன் என் புருஷனிடம்.

அவர் அசையவில்லை. “இதுக்கு முன்ன எங்கயும் புழக்கத்துல இல்லன்னு விண்ணப்பத்துல கையெழுத்து போட்டிருக்கேன், நோரா. அப்ப தெரியாது. இப்ப தெரியும். திருடன் இல்லன்னு இப்பத்தான் ஆச்சு. உடனே பொய்யன் ஆவணுமா?”

“நல்லா இருக்கே நியாயம்! நீங்க பண்ணத நீங்களே காட்டிக்கொடுப்பீங்களா?”

“நான் பண்ணதுதான். அதான் காட்டிக்கொடுக்குறேன்.”

இப்படிப்பட்ட மனுஷரோடு என்ன பேசுவது? நடந்ததை நடந்தபடி கல்கத்தாவுக்கு எழுதினார். ஸ்கேல் துண்டையும் சாட்சிப்பொருள் என்று பார்சலில் வைத்து அனுப்பினார்கள்.

அன்று கோயிலிலிருந்து திரும்பி வரும்போது நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேடண்டுக்காக இல்லை. தெருமுனை வந்ததும் என்னால் அடக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

“பதினோரு வருஷமா என் ஸ்கேல பெட்டியில பத்திரமா வெச்சிருக்கீங்கன்னு ஊரெல்லாம் சொல்லியிருக்கேன். உடைச்சு ஒரு பொந்துக்குள்ள சொருகிட்டு, அதையே மறந்தும் போனீங்களே! வெக்கமா இல்ல?”

அவர் நடுத்தெருவிலேயே நின்றுவிட்டார். “நீ கேக்குறப்பெல்லாம் யோசிப்பேன் நோரா, ஸ்கேல என்ன பண்ணோம்னு. நிஜமா ஞாபகமே வராது. அந்த நாள்ல எனக்கு ஞாபகம் இருக்கறது நீ அடுக்களை வாசல்ல வந்து நின்னதுதான். கைமேல மாவு ஒட்டியிருந்துச்சு. அதுக்கப்புறம் என் கை என்ன பண்ணுச்சோ, எனக்கெப்படித் தெரியும்?”

நான் கோபத்தை விடவில்லை. ஆனால் அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன், அவருக்குப் பிடிக்கும் என்று.

கல்கத்தாவிலிருந்து பதில் தை முடிந்து வந்தது. இரண்டு நாக்கு என்பது விண்ணப்பதாரராலேயே முன்னர் செய்யப்பட்டுப் பொதுவில் பயன்பட்டு வந்ததால் புதிது எனக் கொள்வதற்கில்லை என்று. தேசிகன் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, இது சரியா தப்பா என்று தனக்கு இப்போதும் பிடிபடவில்லை என்றார். தன்னைத் தானே முந்திக்கொண்டு தோற்ற மனுஷரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. ஆம்ப்ரோஸ் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மறுநாள் மச்சில் ஏறி ராட்டினத்தை இறக்கினார். இனி யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், முதலில் நம் கிணற்றுக்கு வைப்போம் என்றார். சிரில் அதற்கு மரச்சட்டம் அடித்துக் கொடுத்தான். அவனாகவே கொண்டுவந்து கொடுத்தான், நாங்கள் கேட்கவில்லை. டோரதி முதல் வாளி இழுத்து, பாதியில் வேண்டுமென்றே கைப்பிடியை விட்டுப் பார்த்து, பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள்.

பெரிய வியாழன் வந்தது. பூசைக்கு முன்னால் பீடச்சாமான் அறைக்குப் பீடத்துணி கொடுக்கப் போனேன். சிரில் அங்கே மரமணியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். கல்கத்தாவிலிருந்து திரும்பி வந்த ஸ்கேல் துண்டு அவன் கையில் இருந்தது, அட்டைச் சீட்டும் அரக்கு முத்திரையும் தொங்க. எதிரில் ஆம்ப்ரோஸ்.

இந்த வருஷம் அப்பாவின் சத்தம் கேட்கும் என்று நான் மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். ஊர் திகைக்கும், நாங்கள் இரண்டு பேர் மட்டும் புரிந்துகொண்டு அழுவோம் என்று.

சிரில் அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு ஸ்கேல் துண்டை நீட்டினான்.

“அப்பா வெச்சது தனியா தாங்காது மச்சான். விரிசல் பெருசாயிடுச்சு. நீயே வெச்சுடு.”

ஆம்ப்ரோஸ் அதை வாங்கினார். இந்தத் தடவை சந்து வழியாகத் தள்ளவில்லை. பார்த்துப் பார்த்து, அப்பாவின் நாக்கை ஒட்டி உட்காரவைத்தார். சிரில் சட்டைப்பையிலிருந்து அப்பாவின் முளைகளை எடுத்து ஒவ்வொன்றாக அடித்து மூடினான். பூசையில் ஓஸ்வால்ட் கைப்பிடியைச் சுற்றினார், முன்பக்கமாக. டக-டக்கு, டக-டக்கு என்று கேட்டது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, அப்பாவுக்கா, அண்ணனுக்கா, பக்கத்தில் தலை குனிந்து முழங்காலில் நிற்கிற இந்த மனுஷருக்கா.

ஒன்று மட்டும் தெரியும். அது என் ஸ்கேல். அதை அந்தப் பெட்டிக்குள் வைக்க, இரண்டு தடவையும் யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.